பட்டறைக் கூரை விளக்குகள்: நான்கு ஆண்டுகளுக்குப் பின்

புதிதாகத் தச்சுப் பட்டறை அமைக்கும் நண்பர் ஒருவர், என் பட்டறையில் தொங்கும் எல்இடி விளக்குகளையே தாமும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். மூன்றாவதாகப் பழுதான விளக்கின் டிரைவரை, அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகத்தை, கழற்றிக்கொண்டு அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதில் நியாயமானதுதானா என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனெனில், அந்த விளக்குகளால் நான் அடைந்த நன்மை சிறிதன்று. நான்கு அடி நீளம், 40 வாட், 4000 கெல்வின் நிற ஒளி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வகை; எட்டு விளக்குகளை நான்கு நான்காக இரண்டு வரிசையில் மாட்டினேன். முன்பு கூரையின் நடுவே ஒற்றை வரிசையில் குழல்விளக்குகள் இருந்தபோது, சுவரோர மேசையில் குனிந்தாலே என் தலையின் நிழல் பென்சில் கோட்டின் மேல் விழும். இப்போது ஒரு வரிசை மேசையின் முன் விளிம்புக்கு நேர் மேலேயும், மற்றொன்று எனக்குப் பின்னாலும் எரிவதால், ரம்பம் கோட்டின் எந்தப் பக்கம் போகிறது என்பது நிமிர்ந்து நின்றாலே தெரிகிறது. இழைப்புளி விட்டுச்சென்ற மெல்லிய வரிகூடக் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு மாலை, கடைசல் இயந்திரத்தை நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடவிட்டு உளியை எடுக்கத் திரும்பினேன். மீண்டும் பார்த்தபோது, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் நான்கு தாடைகளும் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தன. மோட்டார் ஓடும் ஒலி மட்டும் காதில் விழாதிருந்தால், கட்டையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியிருப்பேன்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் ஒளி, டிரைவர் அதைச் சமன்செய்யத் தவறினால், நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1500 சுற்று என்பது நொடிக்கு 25 சுற்று. நான்கு தாடைகள் என்றால், ஒரே இடத்தை நொடிக்கு 100 முறை ஒரு தாடை கடக்கிறது. ஒளி உச்சத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒரு தாடை இருப்பதால், சுழல்வது நிற்பதாகவே கண் நம்பிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இதே மயக்கம் 1800 சுற்றில் நேரும்.

புதிதில் இவ்விளக்குகள் இப்படித் துடிக்கவில்லை. கடைசல் இயந்திரத்துக்கு மேலிருந்த இரண்டையும் கழற்றித் திறந்தபோது, டிரைவரில் ஒளியைச் சமன்செய்யும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. தகரக் கூரைக்கு ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் பர்லினோடு (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு) ஒட்டி அவற்றைப் பொருத்தியது என் தவறு. அந்த வகைக் கெப்பாசிட்டர் 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்னணுத் தொழிலில் உள்ளவர்கள் அறிந்த கணக்கு. நண்பகல் தகரத்தின் அடியில் அது எத்தனை நாள் தாங்கும்? எட்டு விளக்குகளையும் சங்கிலியில் இரண்டடி கீழே இறக்கினேன். பழுதான இரண்டுக்கும் அதே மின்னோட்ட அளவுள்ள புதிய டிரைவர்களைப் பொருத்தி, உலோக உடலுக்கு எர்த் இணைப்பையும் சரிபார்த்தேன். சங்கிலிக் கொக்கிக்கான திருகைத் தகரத்தில் அல்லாமல் பர்லினின் பக்கவாட்டில் இறக்கியதால், மழைக்கு ஒழுக்கு இல்லை.

இவ்வளவு செய்த பிறகும் மூன்றாவது விளக்கு துடிக்கத் தொடங்கியது. அதன் கெப்பாசிட்டர் முன்பே சூட்டில் நலிந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. டிரைவரை உறைக்குள் பசையிட்டு அடைத்திருக்கிறார்கள். அதை எடுக்க முனைக்கவசத்தை உடைக்க வேண்டியிருந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 50,000 மணி நேரம் எல்இடி சில்லுகளைப் பற்றியது, டிரைவரைப் பற்றியதன்று. அணைந்துபோகும் விளக்கை உடனே மாற்றிவிடலாம். பளிச்சென்று எரிந்தபடியே துடிக்கும் விளக்கைக் கண்ணால் கண்டுபிடிக்க முடிவதில்லை, அதன் கீழே சுழலும் இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்கிறோம்.

எட்டில் ஐந்து இன்றும் குறையின்றி எரிகின்றன; மேசையில் விழும் ஒளியைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் இதே விளக்கை மறுபடியும் வாங்க மாட்டேன். நண்பரிடம், வரிசைகளின் அமைப்பை அப்படியே பின்பற்றுங்கள், விளக்கை மட்டும் டிரைவர் தனிப் பெட்டியாக, திருகைக் கழற்றினால் கையோடு வரும்படி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று நேற்று மறுபடியும் சொன்னேன். நானோ மாதம் ஒரு முறை ஒவ்வொரு விளக்கையும் கைபேசியில் ஸ்லோ மோஷன் காணொளியாக எடுத்து, துடிப்பு இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே சக்கில் கட்டையைப் பொருத்துகிறேன்.