கல்விக்கடன் வாங்கித் தருகிறோம் என்று 48,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: வெளிநாட்டு மேல்படிப்புக்குப் போகிறவர்கள் படிக்கவும்

இன்று காலைதான் வங்கிக் கிளையில் உறுதியானது. என் கையில் இருக்கும் கடன் அனுமதிக் கடிதம் போலி. அதை வாங்கித் தந்த கல்விக்கடன் ஆலோசனை மையம் நேற்று மாலையிலிருந்து போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போனது 48,500 ரூபாய். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. பிணையம் இல்லாத கடன், வட்டி மானியம், கூடவே ஸ்காலர்ஷிப், எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டும் ரகம். இந்த ரகம் பெயரை மாற்றிக்கொண்டு வரும், வேலை செய்யும் விதம் மாறாது. அதனால் விதத்தை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே பணம் கேட்கவில்லை. விழுந்தது அங்கேதான். கேட்டதெல்லாம் வங்கி கேட்கும் அதே காகிதங்கள்: அட்மிட் லெட்டர், மதிப்பெண் பட்டியல், கோ-அப்ளிகன்ட்டின் (என்னோடு சேர்ந்து கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர், எனக்கு அப்பா) இரண்டு வருட ஐடிஆர் எனும் வருமான வரிக் கணக்கு, ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஆதார், பான். பேச்சும் தொழில் தெரிந்தவர்கள் பேச்சு. "ஃபைல் லாகின் பண்ணிட்டோம் சார், கிரெடிட் டீம்ல இருக்கு" (விண்ணப்பத்தை வங்கியில் பதிந்தாயிற்று, பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம்) என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நடுநடுவே போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார்கள். அதுவும் வங்கி நடைமுறை என்று நினைத்து அப்பாவும் சொல்லிவிட்டார். அது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது, கீழே வருகிறேன்.

முதல் பொய் வட்டி மானியம். பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 3 சதவீத மானியம் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். திட்டம் உண்மை, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத மானியம் என்பதும் உண்மை. ஆனால் அது இந்தியாவில் உள்ள, அரசின் பட்டியலில் இடம்பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிற எனக்கு அதில் ஒரு பைசா கிடையாது. முக்கால் உண்மையோடு கால் பொய்யைக் கலந்தால் கூகுளில் தேடிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருப்பதுபோலத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

அப்புறம் பிராசஸிங் கட்டணம்: 10,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 11,800. ரசீதும் வந்தது. ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது என்பதால் நம்பினேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன், 14 எழுத்து. ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து இருக்க வேண்டும்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து அந்த வியாபாரியின் பான், கடைசி மூன்று மற்றவை. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே தேடலாம். அரை நிமிட வேலை. செய்யவில்லை.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. பிடிஎஃப். மேலே ஒரு பொதுத்துறை வங்கியின் சின்னம், என் முழுப்பெயர், இனிஷியல் பிசகாமல், பல்கலைக்கழகத்தின் பெயர், 36 லட்சம், நீல மையில் கையெழுத்து, உருண்டை முத்திரை. வீட்டில் எல்லாரும் பார்த்தோம். ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வாங்க முதல் வருடச் செலவுக்கு நிதி ஆதாரம் காட்ட வேண்டும், தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த நிம்மதியில் அடுத்து என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.

கேட்டார்கள். கடன் காப்பீட்டு பிரீமியம் 36,700, "இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலேன்னா சாங்ஷன் லேப்ஸ் ஆயிடும்." க்யூஆர் அனுப்பினார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது ஒரு தனிநபரின் பெயர். வங்கியும் இல்லை, காப்பீட்டு நிறுவனமும் இல்லை. கேட்டேன். "எங்க அக்கவுண்ட்ஸ் மேடம்தான் சார், கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு." பின் நம்பரை அழுத்தினேன். 11,800 உம் 36,700 உம் சேர்த்து 48,500.

கல்விக்கடனுக்குக் காப்பீடு உண்மையிலேயே உண்டு. ஆனால் பிரீமியம் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் போகும், பெரும்பாலும் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவார்கள். வங்கிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் உண்மையான ஏஜென்ட்டுக்கும் கமிஷன் வங்கியோ கடன் நிறுவனமோதான் கொடுக்கும். கடன் வாங்குகிறவரின் பையில் கைவிட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது பழக்கமாக இருக்கலாம். முதலில் "மேனேஜர் லீவு". அப்புறம் "சர்வர் டவுன்". அப்புறம் "ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வரும், ஸ்பேம்ல பாருங்க". பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது: "ரீஃபண்டுக்கு 45 வேலை நாள் ஆகும், டெர்ம்ஸ்ல போட்டிருக்கோமே, படிக்கலையா?" கடைசியாக வந்தது, "நீங்க இப்படிப் பேசுனா ஃபைலை ரிஜெக்ட் போட வேண்டியிருக்கும்." இல்லாத ஃபைலை வைத்து மிரட்டல்!

இன்று காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். கடன் அதிகாரி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார், சிரிக்கவில்லை. "தம்பி, இதுல மார்ஜின் எங்க?" என்றார். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சத்துக்கு மேல் போனால் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு, அதுதான் மார்ஜின். 36 லட்சம் செலவுக்கு 5.40 லட்சம் நாம் போட வேண்டும். கடிதத்தில் முழு 36 லட்சமும் கடன். வட்டி '6.5 சதவீதம் நிலையானது' என்று இருந்தது. அரசு வங்கிகளில் கல்விக்கடன் வட்டி பொதுவாக ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) சேர்ந்து ஏறி இறங்கும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்பார்கள். சில பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பிணையமில்லாமல் கொடுக்கும் பட்டியலை வங்கிகள் வைத்திருக்கின்றன, என் பல்கலைக்கழகம் அதில் இல்லை. பிணையம் என்று வந்தால் வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன் என்று வாரக்கணக்கில் இழுக்கும். பதினோரு நாளில், வீட்டுப் பத்திரத்தை யாரும் பார்க்காமல் 36 லட்சம் வந்தபோதே விழித்திருக்க வேண்டும்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "கேஎஃப்எஸ் குடுத்தாங்களா?" முக்கியத் தகவல் அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் வட்டி, எல்லாக் கட்டணங்கள், மொத்த ஆண்டுச் செலவு விகிதம் ஆகியவற்றை எழுதிய இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரே ஒரு நல்ல காலம், அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றவில்லை. ஏற்றச் சொல்லி மூன்று முறை நச்சரித்தார்கள். விசாவுக்குப் போலி ஆவணம் காட்டியதாகப் பதிவானால் அமெரிக்கா நிரந்தரத் தடை வரை போகும். 48,500 ரூபாய் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஸ்காலர்ஷிப்பா? அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. செவனிங் (பிரிட்டன்), ஃபுல்பிரைட்-நேரு (அமெரிக்கா), எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பா) என்ற பெரிய ஸ்காலர்ஷிப்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. செவனிங் ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும், அதுவும் அடுத்த வருடப் படிப்புக்கு. இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும், பிரிட்டனுக்கு மட்டும். மே மாதத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வருடச் சேர்க்கைக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் நாள்காட்டியைக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்தேன், சைபர் குற்றத் தளத்திலும் பதிந்தேன். யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன ஐடி, நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியும். நான் சொன்னது ஒன்பது நாள் கழித்து. என் வங்கி கைவிரித்துவிட்டது: "நீங்களே பின் போட்டு அனுப்பினது, நாங்க பொறுப்பாக முடியாது." அங்கீகரிக்காத பரிவர்த்தனைக்குத்தான் பாதுகாப்பு விதி, நாமே அனுப்பினதற்கு இல்லை.

ஓடிபிக்கு வருகிறேன். அப்பாவின் சிபில் அறிக்கையை (கடன் வரலாற்று அறிக்கை) இன்று இறக்கினேன். அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஒரே வாரத்தில் ஐந்து கடன் நிறுவனங்களின் என்கொயரி, அதாவது கடன் கேட்டதால் அவர்கள் அப்பாவின் வரலாற்றைப் பார்த்த பதிவு. அந்த ஓடிபிகளெல்லாம் அதற்குக் கொடுத்த சம்மதம். ஃபைலை உண்மையிலேயே எங்கெங்கோ லாகின் செய்திருக்கிறார்கள், எதுவும் தேறவில்லை, அதற்குப் பிறகுதான் போலிக் கடிதம் தயாராகியிருக்கிறது. இப்போது நிஜமாகவே கடன் கேட்டுப் போனால் இந்த ஐந்துக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார் அதிகாரி.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது தெம்பில்லை. கல்விக்கடனுக்கான அரசின் வித்யாலட்சுமி தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. அனுமதிக் கடிதம் வந்தால் அதில் போட்டிருக்கும் கிளைக்கு நேரில் போய்க் காட்டுங்கள், அதற்கு முன் யாருக்கும் பணம் வேண்டாம். க்யூஆரில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடிபி குறுஞ்செய்தியை முழுசாகப் படியுங்கள், எதற்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். நாளை காலை பத்து மணிக்கு சைபர் பிரிவில் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பிரின்ட் போட வேண்டும்.