கிராஃபைட் மூசை: காரைக்குடிப் பட்டறையில் புழங்கிப் பார்த்தது

தங்கம், வெள்ளி உருக்கும் கிண்ணமான மூசையை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, "மூவாயிரம் டிகிரி தாங்கும்ணே" என்பதுதான். பொய்யில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில் கார்பன் உருகவே உருகாது. 3,600 டிகிரிக்கு மேல் போனால் நேராக ஆவியாகும். நமக்கோ தங்கத்துக்கு 1,064 டிகிரி போதும், வெள்ளிக்கு 962. அப்படிப் பார்த்தால் ஒரு மூசை ஆயுசுக்கும் உழைக்க வேண்டும். உழைப்பதில்லை. பல வருடமாகச் சுத்த கிராஃபைட், களிமண் கலந்தது, சிலிக்கான் கார்பைடு சேர்ந்தது என மூன்று வகையையும் புழங்கியதில், வெறும் சூட்டால் வீணான மூசையை நான் பார்த்ததில்லை. பெரும்பாலானவை காற்றில் எரிந்து போனவை.

கிராஃபைட் 500 டிகிரி வாக்கிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரியத் தொடங்கும். சுத்த கிராஃபைட் மூசையில் இது கண்ணுக்கே தெரியும். வாய்விளிம்பு முதலில் மெலியும், அப்புறம் கரையான் அரித்தது போலக் குழிகுழியாகும். அடிப்பாகம் புதுசாகவே இருக்கும். இடுக்கி பிடிக்கும் இடத்தில் உதிர ஆரம்பித்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்; கழுத்துருவுக்கு (செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி நகை) உருக்கிய தங்கம் தரையில் சிந்தினால் மூசை விலையில் மிச்சம் பிடித்தது எதற்கு?

ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்த வகைதான். தங்கம் சுவரில் ஒட்டாது, கடைசிச் சொட்டும் வழிந்து வரும். கலப்பில் உள்ள செம்பு கறுக்காமல் கார்பனே காவல் காக்கும். மின்சாரத்தைக் கடத்துவதால் இண்டக்‌ஷன் அடுப்பில் மூசையே சூடாகிவிடும்.

களிமண் கலந்த கிராஃபைட் மூசை விலை குறைவு. பென்சில் முனையும் இதே சேர்மானம்தான். களிமண்ணும் மேல்பூச்சும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் ஈரம் குடிக்கும். ஐப்பசி மழையில் மூலையில் கிடந்ததை எடுத்து நேராக அடுப்பில் வைத்தால் விரிசல்தான். உமியோட்டுப் பக்கத்தில் (உமி எரியும் பட்டறை அடுப்பு) வைத்து மெதுவாகக் காயவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். உருக்கும்போது சேர்க்கும் வெங்காரத்தையும் (போராக்ஸ்) அள்ளிக் கொட்டாதீர்கள், அது சுவரையே தின்னும்.

சிலிக்கான் கார்பைடு சேர்ந்தது விலை கூடுதல். சூட்டில் அதன் மேல் கண்ணாடி போன்ற சிலிக்கா படலம் படிந்து காற்றைத் தடுப்பதால் விளிம்பு சீக்கிரம் மெலியாது.

பிளாட்டினம் உருக்க இந்த மூன்றும் ஆகாது. 1,768 டிகிரியைக் கிராஃபைட் தாங்கும், ஆனால் உருகிய பிளாட்டினம் கார்பனைக் கரைத்துக்கொண்டு, அடித்தால் நொறுங்கும் உலோகமாகிவிடும். அதற்கு சிலிக்கா அல்லது சிர்கோனியா மூசைதான்.

இந்தக் காற்றுத் தொல்லை பட்டறையோடு நிற்பதில்லை. 1948-ல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அடிக்கல் நாட்டிய நம்ம ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), காஸ்டிக் சோடா ஆலைகளில் ஆக்சிஜன் பட்டுத் தேய்ந்துகொண்டே வந்த கிராஃபைட் மின்வாய்களுக்கு மாற்றாக டைட்டானிய மின்வாய்களை உருவாக்கியது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூக்கும் இறக்கை முனையும் கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்துச் செய்தவை. எரிந்துபோகாமல் இருக்க அதன் மேலும் சிலிக்கான் கார்பைடு பூச்சுதான். ஹாஃப்னியம் கார்பைடு 3,900 டிகிரி வாக்கில்தான் உருகும், அதி உயர் வெப்பப் பொருள்களில் உச்சத்தில் நிற்பவற்றில் அதுவும் ஒன்று. அதுவும் காற்றுக்கு முன்னால் சுத்த வீரனில்லை, ஆக்சைடாக மாறிவிடும்.

ஆகவே டிகிரிக் கணக்கைக் கேட்டு வாங்காதீர்கள். எப்போதாவது உருக்குகிற பட்டறைக்குக் களிமண் கிராஃபைட் போதும். திறந்த அடுப்பில் தினமும் உருக்கினால் சிலிக்கான் கார்பைடு. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் சுத்த கிராஃபைட், மூடியோடு வாங்குங்கள். வெள்ளிக்குத் தனி மூசை வைத்துக்கொள்ளுங்கள்.