லீடை யாரிடம் கொடுப்பது: ஏரியா வாரியாகவா, ரவுண்ட் ராபினா?

வீட்டு மாடியில் சோலார் போட்டுத் தரும் ஒரு சின்ன கம்பெனிக்கு, மதுரை கே.புதூரில் உட்கார்ந்துகொண்டு, விளம்பரத்தையும், வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் சிஆர்எம் மென்பொருளையும் நான்தான் பார்க்கிறேன். போனில் பேச ஐந்து பேர், நேரில் போய் மாடி அளக்க நாலு பேர். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்யா கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானதும், ஃபேஸ்புக் விளம்பரத்தில் லீட் (விசாரித்துத் தன் பெயரையும் நம்பரையும் விட்டுப்போகிறவர்) கொட்ட ஆரம்பித்தது. அதுவரை எங்களிடம் இருந்த முறை, வாட்ஸ்அப் குரூப்பில் நம்பரைப் போடுவது, முதலில் கட்டைவிரல் காட்டுகிறவருக்கு அது சொந்தம்.

அந்த 'யார் முந்துறீங்களோ எடுத்துக்கோங்க' முறையைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. அண்ணா நகர், கே.கே.நகர் என்று இருந்தால் நொடியில் பறந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கம் ஏதோ ஊர்ப் பெயர் இருந்தால் ஐந்து பேரும் அதைப் பார்க்காத மாதிரியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி மென்பொருளில் இதையே க்யூ என்ற பொதுப் பட்டியலாக ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பொறுக்குகிற கை பொறுக்கத்தான் செய்யும். இரண்டே பேர் வேலை பார்க்கிற இடமென்றால் இதுவே போதும்.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஏரியா வாரியாகப் பிரிப்பதா, இல்லை வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிவிடும் ரவுண்ட் ராபினா. நான் முதலில் ஏரியாவைத்தான் எடுத்தேன். கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கும். மேலூர்க்காரரிடம் மேலூரைத் தெரிந்தவர் பேசுவார், அங்கே ஏற்கெனவே யார் வீட்டில் பேனல் மாட்டியிருக்கிறோம் என்று சொல்லுவார், பேச்சு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உண்மைதான், இப்போதும் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஏரியா என்பதை மென்பொருளுக்கு எப்படிச் சொல்லுவீர்கள்? ஊர்ப் பெயரை வைத்து விதி எழுதினால், திருமங்கலத்தை ஆங்கில எழுத்தில் நம் மக்கள் எத்தனை விதமாக அடிக்கிறார்கள் என்று பார்த்து அசந்துபோவீர்கள். சரி, பின்கோடு வைத்துக்கொள்வோம் என்று போனேன். 625 என்று ஆரம்பித்தால் மதுரை, மற்றதெல்லாம் வெளியூர் டீலருக்கு. பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது: தேனியும் 625தான். பெரியகுளம், போடி, கம்பம் எல்லாமே 625தான். உசிலம்பட்டி 625532, தேனி 625531, ஒரே ஒரு எண் வித்தியாசம், நடுவில் மாவட்ட எல்லை. தேனி எப்போதோ தனி மாவட்டமாகிவிட்டது, தபால்காரருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போகவில்லை போலிருக்கிறது. தேனி டீலருக்குப் போக வேண்டிய லீடெல்லாம் பத்து நாளாக எங்கள் பையன்களிடம் கிடந்தது. அதன் பிறகு முழு ஆறு இலக்கத்தையும் எக்செல்லில் போட்டு, எது யாருடையது என்று ஒரு பட்டியல் செய்து ஏற்றினேன். மேலூர் 625106 இவருக்கு, திருமங்கலம் 625706 அவருக்கு, திருப்பரங்குன்றம் 625005 இன்னொருவருக்கு.

அந்தப் பட்டியல்தான் என்னை ஏரியா முறையை விட்டே ஓட வைத்தது. செய்வது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது தினப்படி வேலை. ஒரு பெண் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரில் இருந்த பதினான்கு பின்கோடையும் மற்றவர்களுக்குப் பிரிக்க வேண்டும், புதிதாக ஒருவர் சேர்ந்தால் மறுபடியும் பிடுங்கிக் கொடுக்க வேண்டும், அவரும் மூன்று மாதத்தில் போய்விடுவார். இந்த வேலையில் ஆள் நிற்பதே இல்லை. விதிகள் மேலிருந்து கீழாக ஓடும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும் என்பதால், நடுவில் ஒரு வரியைச் செருகினால் கீழே இருக்கும் நாலு வரி சத்தமில்லாமல் செத்துப்போகும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது, ஒருவருக்கு மட்டும் லீட் வரத்து நின்றிருக்கும், அவரும் விளம்பரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

பெரிய அடி சித்திரையில் விழுந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் வாரம், மேலூர் ஏரியாவைப் பார்ப்பவர் நாலு நாள் லீவு. அவர் லீவு, விளம்பரத்துக்கு லீவில்லை. திரும்பி வந்தபோது அவர் பெயரில் முப்பத்தி சொச்சம் லீட் தொடப்படாமல் இருந்தது, பாதிப் பேர் அதற்குள் வேறு யாரையோ கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தார்கள். 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஒரு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்ட கம்பெனிகளுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கிற ஆளிடம் உருப்படியாகப் பேசக் கிடைப்பது கிட்டத்தட்ட 7 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அது அமெரிக்கக் கணக்கு. மதுரையில் அது 7ஆ 4ஆ என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் நாலு நாள் என்பது எந்த ஊர்க் கணக்கிலும் சேராது.

ரவுண்ட் ராபினில் நான் காப்பாற்ற வேண்டியது ஐந்து பெயர்கள் மட்டும். லீவென்றால் ஒரு பெயரை எடுத்துவிட்டால் ஆயிற்று. ஸோஹோ என்ற சிஆர்எம்மில், லீட் யாருக்கு என்று சொல்லும் அசைன்மென்ட் ரூலுக்குள்ளேயே இது இருக்கிறது, ஹப்ஸ்பாட் என்ற இன்னொன்றில் ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) வழியாகச் சுற்றிவிடலாம், அதற்கு மேல்நிலைச் சந்தா வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸில் நேரடியாகக் கிடையாது, லீடுக்குத் தானாக ஏறும் ஒரு எண் கொடுத்து, அதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை வைத்துப் பிரிப்பார்கள். ஐந்து பேர் நாலு பேரானால் அந்தச் சூத்திரத்தையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இதிலும் பள்ளம் உண்டு, நான் ஒவ்வொன்றாக விழுந்து பார்த்தேன். ஒரே ஆள் ஃபேஸ்புக்கிலும் எங்கள் இணையதளத்திலும் படிவம் நிரப்புவார், இரண்டு பேரிடம் போகும், இருவரும் இரண்டு விலை சொல்லுவார்கள். ஃபேஸ்புக் நம்பர் +91 உடன் வருகிறது, எங்கள் படிவத்தில் வெறும் பத்து இலக்கம், அதனால் மென்பொருளுக்கு அது வேறு ஆள். கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டு, பழைய ஆளாக இருந்தால் பழையவரிடமே கொடு, புதியவரை மட்டும் சுற்றிவிடு என்று வரிசை வைத்த பிறகுதான் சண்டை நின்றது.

அப்புறம், அரை மணி நேரம் தொடாவிட்டால் அடுத்தவருக்குப் போ என்று ஒரு விதி வைத்தேன், ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். இரவு 11 மணிக்கு ஒரு நல்ல மனிதர் படிவம் நிரப்பினார். காலை 9.30க்குள் அந்த லீட் 21 தடவை கை மாறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் தலைமாட்டில் போன் டிங் என்றிருக்கிறது. மறுநாள் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு புலம்பல், "அண்ணே, எனக்கு மட்டும் ஏண்ணே எல்லாம் மொக்கையாவே வருது?" எண்ணிக்கை சமம், தரம் சமமில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கூகுளில் தேடி வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார், ஃபேஸ்புக்கில் பெயரும் நம்பரும் தானாக நிரம்பிவிடுவதால் விரல் தவறிப் பட்டவரும் லீட்தான். இரண்டுக்கும் தனித்தனிச் சுற்று வைத்தேன். புலம்பல் குறைந்தது, நிற்கவில்லை.

ஏரியாவை முழுதாகத் தூக்கி எறிந்துவிடவில்லை. போனில் பேசி முடித்து மாடி அளக்கப் போகிற கட்டத்தில் ஏரியாதான், வாடிப்பட்டிக்குப் போன பையனை அடுத்த மணியே மேலூருக்கு ஓடு என்று சொல்ல முடியாது. அங்கே பட்டியல் சிறியது, நாலு திசை, நாலு பேர், கை தவறினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஊருக்கு ஊர் சொந்தக் கிளையும் அங்கேயே நிலையான ஆளும் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற்ற வேண்டாம், அவர்களுக்கு ஏரியா முறை பொருந்தும்.

மதிப்பெண் போட்டு, நல்ல லீடை நல்ல டெலிகாலரிடம் தருவது என்று ஒன்று இருக்கிறது. மூன்று வாரம்தான் ஓட்டினேன். எல்லா நல்ல லீடும் ஒரே பெண்ணிடம் போய்க் குவிந்தது, அவர் இன்சென்டிவ் ஏறியது, மற்ற நாலு பேரும் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள், நானும் அதை நிறுத்திவிட்டேன். இருபது முப்பது பேர் இருக்கும் இடத்தில் அது வேறு மாதிரி போகலாம்.