2110 சிசி என்று பணம் வாங்கி 1679 சிசி கொடுத்தார்கள்: ஸ்பீட்ஸ்டர் நகல் காருக்குப் பெரிய என்ஜின் போட நினைப்பவர்களுக்கு

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் வடிவில், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் தளத்தின் மீது கண்ணாடியிழை உடல் பொருத்திய நகல் கார் வைத்திருப்பவர்கள், உள்ளிருக்கும் பீட்டில் என்ஜினை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு அருகில் வசிக்கும் நான், 2110 சிசி என்ஜினுக்கு என்று 6,800 பவுண்டு கொடுத்தேன். பணம் கொடுத்துப் பதினோரு மாதம் ஆன பிறகுதான், என் காரில் இருப்பது 1679 சிசி என்ஜின் என்பது தெரியவந்தது. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைசியில் ஏற்பட்ட உடன்பாட்டில் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அசல் ஸ்பீட்ஸ்டர் 1954இல், நியூயார்க் இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மனின் வற்புறுத்தலால், அமெரிக்காவில் 3,000 டாலருக்குக் குறைவான விலையில் விற்பதற்கென்று ஆடம்பரங்களைக் குறைத்துச் செய்யப்பட்ட வண்டி. அதன் சாதாரண 1500 சிசி என்ஜின் 55 குதிரைத்திறன் கொடுத்தது. பின்னர் வந்த 1600 சிசி என்ஜின் 60. என் நகல் காரில் இருந்தது 1584 சிசி பீட்டில் என்ஜின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அதாவது, நான் 'சக்தி இல்லாத வண்டி' என்று அலுத்துக்கொண்டிருந்த கார் அசலைவிட அப்படியொன்றும் பின்தங்கியதல்ல. இந்த எளிய ஒப்பீட்டை முதலிலேயே செய்திருந்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மான்செஸ்டருக்குப் போகும் ஏ57 மலைப்பாதையில், மூன்றாவது கியரில் என்ஜின் முனகிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு பால் லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கும்போது ஒப்பீடுகள் நினைவுக்கு வருவதில்லை.

இந்த என்ஜினைப் பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு. பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டலாம், அல்லது பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டை மாற்றி பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைக் கூட்டலாம். தொழிற்சாலையில் வந்த 1584 சிசி என்ஜினில் விட்டம் 85.5 மி.மீ., தூரம் 69 மி.மீ. எனக்கு விற்கப்பட்ட 2110 சிசியில் இவை முறையே 90.5, 82 என்று இருக்க வேண்டும். இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை முழுவதும் இவற்றில்தான் நிற்கிறது.

பட்டறைக்காரர் நன்றாகப் பேசுவார். முதல் சந்திப்பிலேயே தேநீர் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த பந்தயப் படங்களைக் காட்டி, இரட்டை கார்புரேட்டருடன் 120 குதிரைத்திறன் நிச்சயம் என்றார். அந்தக் காலத்தில் போர்ஷேயின் பந்தய என்ஜினான நான்கு கேம் கரேராவே 100 குதிரைத்திறன் அளவில்தான் கொடுத்தது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அந்த எண் இனித்தது. பிரேக்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். வேண்டியதில்லை என்றார். பின் அச்சு பழைய ஸ்விங் ஆக்சில் வகை ஆயிற்றே என்றேன். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றார். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இந்த வகை அச்சில் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து, வண்டியின் பின்புறம் வெளியே வீசும் அபாயம் உண்டு. சக்தியை இரு மடங்குக்கு மேல் கூட்டிவிட்டு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கை அப்படியே விடலாம் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். என்ஜினை மட்டும் விற்பவர் வண்டியைப் பார்க்கவில்லை என்று பொருள். நான் எழுந்து வரவில்லை; 4,000 பவுண்டு முன்பணத்தை அன்று மாலையே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன்.

அதில் இரண்டு தவறுகள். முதலாவது, அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்றிருக்கும். இரண்டாவது, ரசீதில் எழுதியிருந்தது 'பெரிய போர் என்ஜின் மறுகட்டுமானம்' என்ற ஒரே வரி ('போர்' என்பது சிலிண்டரின் விட்டம்). விட்டம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, எந்தக் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் உள்ளே சுழலும் என்ஜினின் வெளிக்கூடு), புதியதா பழையதா, ஒன்றும் இல்லை. திருமண மண்டபத்துக்கு முன்பதிவு செய்யும்போதுகூட இலைக் கணக்கை எழுதி வாங்குகிற நான், ஆறாயிரம் பவுண்டுக்கு ஒரு வரி ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எட்டு வாரம் என்று சொன்ன வேலை ஏழு மாதம் ஆயிற்று. கிராங்க் வரவில்லை, பிறகு சிலிண்டர்களை மூடும் ஹெட் வரவில்லை, பிறகு உதவியாளருக்கு உடல்நலமில்லை. இதற்கிடையில் என் பழைய என்ஜினின் கேஸ் விரிசல் விட்டிருப்பதாகச் சொல்லி வேறு கேஸில் கட்டினார்கள். அந்த விரிசலையும் நான் பார்க்கவில்லை, பழைய கேஸும் திரும்ப வரவில்லை. கேஸ் மாறினால் என்ஜின் எண் மாறும். எண்ணும் சிசியும் மாறினால் பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்து, வி5சி என்னும் வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அதற்குச் சான்றாகப் பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் தேவை. அவர்களிடம் கேட்டு வாங்கினேன். 'புதிய என்ஜினின் கொள்ளளவு 2110 சிசி' என்று கையெழுத்திட்டு அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அதை ஒரு சம்பிரதாயத் தாளாகத்தான் நினைத்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த எண்ணையே தெரிவித்தேன். ஆண்டுக் கட்டணம் 140 பவுண்டு கூடியது. இல்லாத 431 சிசிக்கும் சேர்த்து நான் காப்பீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்ததும் சத்தம் பெரிதாக இருந்தது, இழுவை பெரிதாக இல்லை. 'ஆயிரம் மைல் ஓடிப் பழகட்டும்' என்றார்கள். ஆயிரம் மைல் ஓடிய பின், சக்கரங்களை உருளைகளின் மீது ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் ரோலிங் ரோடு சோதனைக்குக் கொண்டுபோனேன். சக்கரத்தில் 59 குதிரைத்திறன் காட்டியது. வழியில் கியர்பாக்ஸ் தின்பதைக் கழித்தாலும் 120 என்று சொன்ன என்ஜின் சக்கரத்தில் 100ஐ ஒட்டியாவது காட்ட வேண்டும். அந்தச் சோதனை இயந்திரம் சரியில்லை என்றார் பட்டறைக்காரர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

பிறகு மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் அழுத்தம், விழுந்தது. எழுபது வயதைக் கடந்த, பீட்டில் என்ஜின்களிலேயே ஆயுளைக் கழித்த வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மேல் தகரத்தைக் கழற்றியதும் அவர் முதலில் காட்டியது எண்ணெய்க் குளிர்விப்பானை. பழைய அமைப்பில் அது விசிறிக் காற்றின் வழியிலேயே, மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நிற்கும். அதனால் அந்த சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகும். ஃபோக்ஸ்வேகன் 1971 மாடலிலேயே குளிர்விப்பானைத் தனிக் கூட்டுக்குள் விலக்கி வைத்துவிட்டது. பெரிய என்ஜின் என்று சொல்லிக் கட்டியவர்கள், 50 குதிரைத்திறனுக்கே போதாத பழைய அமைப்பை அப்படியே மாட்டியிருந்தார்கள்.

ஹெட்டைக் கழற்றிய பின் அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து, சிலிண்டர் வாயின் குறுக்கே விரித்து, திருகை இறுக்கி என்னிடம் நீட்டினார். 'நீங்களே படியுங்கள்.' 88.0 என்றிருந்தது. 90.5 அல்ல. அடுத்து, கிராங்க் கப்பியின் போல்ட்டில் 30 மி.மீ. சாக்கெட்டை மாட்டி மெதுவாகச் சுழற்றச் சொன்னார். பிஸ்டன் மேலே வந்து நின்றபோது சிலிண்டரின் விளிம்பிலிருந்து ஆழத்தை அளந்தார். கீழே இறங்கி நின்றபோது மீண்டும் அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் 69. தொழிற்சாலையில் வந்த அதே தூரம். அங்கே கிடந்த அட்டைப்பெட்டியின் மீது கணக்குப் போட்டோம்: 1679 சிசி. 82 மி.மீ. கிராங்க் உள்ளே சுழல வேண்டுமென்றால் கேஸின் உட்சுவரைச் சில இடங்களில் தேய்த்து எடுக்க வேண்டும். டார்ச் அடித்துக் காட்டினார், தேய்த்த தடமே இல்லை. 88 மி.மீ. சிலிண்டர்கள், கேஸையும் ஹெட்டையும் கடைசல் பிடிக்காமலே பழைய இடத்தில் நழுவி உட்காரக்கூடியவை. அதற்காகவே சுவர் மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கும். சூட்டில் வட்டம் கெடும். மூன்றாவது சிலிண்டருக்கு நேர்ந்தது அதுதான்.

சப்ளையர் தவறான கிராங்கை அனுப்பிவிட்டார் என்பது பட்டறையின் முதல் பதில். கிராங்க் ஒன்று மட்டும் மாறியிருந்தால் நம்பியிருப்பேன். விட்டமும் சேர்ந்து மாறியிருக்கிறதே என்று கேட்டதற்கு, நான் கேட்டதே 'பெரிய போர்' மட்டும்தான் என்று அந்த ஒரு வரி ரசீதைக் காட்டினார்கள். அப்போதுதான் டிவிஎல்ஏவுக்காக வாங்கிய கடிதத்தின் நகலை எடுத்தேன். அவர்கள் கையெழுத்தோடு 2110 என்ற எண் எழுத்தில் இருந்த ஒரே தாள் அது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், வேலை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட்டிருக்க வேண்டும். வழக்கு தொடுக்கும் முன்னறிவிப்பை அனுப்பினேன், பதில் இல்லை. 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே மனுப் போட்டேன். விசாரணைக்கு முன் நடந்த தொலைபேசி சமரசத்தில் 3,900 பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முழுத் தொகைக்காக நீதிபதி வரை போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் இதோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு அந்தத் தெம்பு இருக்கவில்லை.

இப்போது அதே பழைய மெக்கானிக் எனக்கு 1776 சிசி என்ஜின் கட்டிக் கொடுத்திருக்கிறார்: தடித்த சுவருள்ள 90.5 மி.மீ. சிலிண்டர், பழைய 69 மி.மீ. கிராங்க், 1971க்குப் பிந்தைய குளிர்விப்பான். அதற்கு முன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட வைத்தார். அது முடியும்வரை என்ஜின் வேலையைத் தொடவே மாட்டேன் என்றார். ஸ்விங் ஆக்சில் இன்னும் இருக்கிறது, ஆகவே வளைவுகளில் நான் இன்னும் பயந்தே ஓட்டுகிறேன். ஹெட்டை மூடுவதற்கு முந்தைய நாள் என்னை வரவழைத்து, நான்கு சிலிண்டரையும் என் கையாலேயே அளக்க வைத்து, காலிப்பர் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய பில்லில் அந்த இரண்டு அளவுகளும் கேஸ் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் பட்டறை இதற்கு முகம் சுளித்தால், மிச்சப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான எண்ணைச் சொன்னதும், கூடுதலாகக் கட்டிய தொகையில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தந்தது. வி5சி போன வாரம் திருத்தப்பட்டு வந்தது. அதில் 1776 என்று அச்சாகியிருக்கிறது. ஏ57இல் பால் லாரி இன்னும் பின்னால் வரத்தான் செய்கிறது, ஆனால் விளக்கைப் போடுவதில்லை.