“முட்டை மாதிரி இறக்கிடுவோம்” என்றார்கள்: 12,600 ரூபாயும் போச்சு, 14 மாத வேலையும் போச்சு

முந்தாநாள் நடந்தது இது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். டயோரமா (ஒரு காட்சியைச் சிறிய அளவில் அப்படியே செய்து காட்டும் மாடல்), கட்டட மாடல், பெரிய கொலு செட் என்று எதையாவது காரில் வெளியூருக்கு அனுப்பப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

நான் செய்தது நீலகிரி மலை ரயிலின் ஹில்குரோவ் ஸ்டேஷன். 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் ஓடும் இல்லையா, அதைப் பித்தளைத் தகட்டில் அரத்தால் ஒவ்வொரு பல்லாக அறுத்தேன். அந்த ஏற்றத்தில் இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். என் மாடலில் அவர் உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

சென்னையில் கண்காட்சி. கோவையிலிருந்து கொண்டுபோக, ஆன்லைனில் வெளியூர் டிராப் டாக்ஸி புக் செய்து தரும் ஓர் இடத்தில் பேசினேன். மாடலை வைத்து மூடிய பெட்டியின் அளவு, எடை, போட்டோ எல்லாம் அனுப்பினேன். “படுக்க வைத்துத்தான் போக வேண்டும், சாய்க்கவே கூடாது” என்று மூன்று தடவை சொன்னேன். அங்கே பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கவலையே படாதீங்க சார், போன வருஷம் கொலு பொம்மையெல்லாம் ஏத்திட்டுப் போயிருக்கோம். முட்டை மாதிரி இறக்கிடுவோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். வாடகை 11,400, ‘உடையும் பொருள் பாதுகாப்பு’ என்று தனியாக 1,200. மொத்தம் 12,600 ரூபாய், முன்பணமாகவே கட்டினேன்.

காலை ஐந்து மணிக்குச் சொன்னபடி பெரிய வண்டி வந்தது. பின்சீட்டை மடக்கி, பெட்டியைப் படுக்க வைத்து, நானே கையால் அசைத்துப் பார்த்தேன். டிரைவர் அண்ணன் நல்ல மனிதராகத் தெரிந்தார். மேஜை போட வேண்டுமே என்று நான் ரயிலில் கிளம்பிவிட்டேன். கூடவே போயிருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டிய வண்டி இரவு ஏழரைக்கு வந்தது. வந்தது வேறு வண்டி, வேறு டிரைவர். சின்ன செடான். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர். பெட்டி பின்சீட்டில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, சீட் பெல்ட் போட்டு! ‘இந்தப் பக்கம் மேலே’ என்று நான் வரைந்த அம்புக்குறி பக்கவாட்டைக் காட்டியது. சேலத்தில் வண்டி மாற்றினார்களாம். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றதாம்.

திறந்தேன். பிளாஸ்டரில் வார்த்த பாறை முழுசாகப் பெயர்ந்து ரயில் பெட்டிகள் மேல் விழுந்திருந்தது. செப்புக் கம்பி மரங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. 3டி பிரிண்ட் செய்த பெட்டிகளின் கூரை வெயிலில் இளகி வளைந்திருந்தது. பிரேக்ஸ்மேன் ஒருவர் மட்டும் அடியில் கிடந்தார், கை உடைந்து. கொடி மட்டும் தனியாக என் விரலில் ஒட்டியது.

போன் செய்தேன். “டிரைவரிடம் கேட்டுச் சொல்கிறோம்.” மறுபடி செய்தேன். “அது வெண்டர் வண்டி சார், நாங்க பொறுப்பில்லை.” அடுத்து, “புகார் பதிவாகிவிட்டது, 24 மணி நேரம் பொறுங்க.” நேற்று மாலை வேறொருவர் கூப்பிட்டு, “பொருளோட பில் இருக்கா சார்? பில் இல்லாம பாதுகாப்புத் தொகை தர முடியாது” என்றார். நானே கையால் செய்ததற்கு யார் பில் போடுவார்கள்? இது 1,200 ரூபாய் வாங்கும்போது தெரியாதா? வாடகையையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். “வண்டி போய்ச் சேர்ந்துடுச்சே சார்” என்று வைத்துவிட்டார். 12,600 ரூபாயில் ஒரு பைசா வரவில்லை.

எப்படி அனுப்ப வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள்: கூடவே போங்கள், யார் என்ன சொன்னாலும். சீட் மேல் வைக்காதீர்கள், அது பின்பக்கம் சரிவாக இருக்கும். சீட்டை மடக்கிச் சமதளமாக்கி, அடியில் தடித்த ஃபோம் போடுங்கள். மரங்கள் மேல் பபிள் ராப் சுற்றவே கூடாது. இன்ஜின், ஆட்கள், தனியாகக் கழற்ற முடிந்த எதையும் வேறு டப்பாவில் வையுங்கள். சூப்பர் குளூ குலுங்கினால் விட்டுவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். பிஎல்ஏ (3டி பிரிண்டுக்குப் போடும் பிளாஸ்டிக்) கிட்டத்தட்ட 60 டிகிரியிலேயே இளகும், பூட்டிய காரை வெயிலில் விடாதீர்கள். வாங்கிய சாமான் ரசீதுகளை எடுத்து வையுங்கள். நடுவழியில் வண்டி மாற்ற மாட்டோம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்தேன். ஏற்றும்போது எடுத்த போட்டோவும் இறக்கும்போது எடுத்த போட்டோவும் கையில் இருக்கின்றன. அந்த 12,600 ரூபாயை வாங்காமல் விடப்போவதில்லை.