பெட்டி மேல் 18, மைக் சொருக நாலு: கானா செட்டுக்கு எந்த சவுண்ட் கார்டு?

வீட்டிலேயே ரிகார்டிங் பண்ண சவுண்ட் கார்டு வாங்கப் போகிறவர்கள் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் நம்பரை மறந்துவிட்டு, மூன்று பின் இருக்கிற கேனன் மைக் ஒயரைச் சொருகும் ஓட்டை எத்தனை, அதில் எத்தனை தனித்தனி டிராக்காக கம்ப்யூட்டருக்குள் போகும், இந்த இரண்டை மட்டும் முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கினேன். தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷன், பத்துக்குப் பன்னிரண்டு அறை, வாரக் கடைசியில் கானா பாடுகிற பசங்க ஆறேழு பேர் வந்து உட்காருவார்கள். அவர்களுக்காக எட்டு மைக் போடக்கூடிய ஒரு யுஎஸ்பி மிக்ஸரை வாங்கி வந்தேன். எட்டு மைக்கையும் ரிகார்டு பண்ணலாம் என்று கடைக்காரர் சொன்னார், அது பொய்யும் இல்லை. ஆனால் எட்டும் கலந்து இடது ஒன்று வலது ஒன்று என இரண்டே டிராக்காகத்தான் உள்ளே போகும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி பிளே பண்ணிப் பார்த்தால் சட்டி மேளம் மட்டும் காதைப் பிளக்கிறது. பாடின தம்பி முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ண்ணா, சட்டி நல்லாக்குது. நான் எங்க?" என்றான். கலந்த டீயிலிருந்து பாலைத் தனியாக எடுக்க முடியுமா? அந்த டேக் போச்சு.

இது அந்த ஒரு மிக்ஸரின் குறை இல்லை, அந்த வகையே அப்படித்தான். யமஹா எம்ஜி12எக்ஸ்யு நல்ல மிக்ஸர், மேடைக்கு அருமை, ஆனால் யுஎஸ்பியில் கம்ப்யூட்டருக்குப் போவது இரண்டு டிராக். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 என்றால் இரண்டு, அதே பெயருக்குப் பின்னால் எம்டிகே என்று மூன்று எழுத்து இருந்தால் எல்லாமே தனித்தனி டிராக். விலை வித்தியாசம் அந்த மூன்று எழுத்தில்தான் இருக்கிறது.

சரி, நமக்கு எத்தனை வேண்டும்? பாட்டுக்கு ஒன்று. டோலக்குக்கு இரண்டு, ஏனென்றால் மசாலா பூசின பக்கத்து 'தும்'மும் மறுபக்கத்து 'டக்'கும் ஒரே மைக்கில் ஒழுங்காக விழாது. சட்டிக்கு ஒன்று, பறைக்கு ஒன்று, கோரஸ் மூன்று பேரும் முகத்தோடு முகம் ஒட்டிப் பாட ஒன்று, கீபோர்டுக்கு இடம் வலம் இரண்டு. மொத்தம் எட்டு. நம்ம செட்டுக்கு எட்டுக்குக் கீழே போனால் யாராவது ஒருத்தர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இப்போது நம்பர் விளையாட்டைப் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறையில் 18ஐ8, 18ஐ20 என்று இரண்டு உண்டு. இரண்டிலும் உள்ளே போவது 18. ஆனால் முதலாவதில் மைக் சொருக நாலு, இரண்டாவதில் எட்டு. மிச்சம் எங்கே போச்சு என்றால், இரண்டிலும் ஏடாட் என்கிற ஆப்டிகல் வழியில் எட்டு, எஸ்பிடிஃப் என்கிற டிஜிட்டல் வழியில் இரண்டு, முதலாவதில் கீபோர்டு மாதிரி வாத்தியத்தை நேராகச் சொருகுகிற லைன் ஓட்டை இன்னொரு நாலு, அதையும் சேர்த்துத்தான் 18 என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஏடாட் ஓட்டையில் மைக்கை சொருக முடியாது, அதற்குத் தனியாக, மைக்கின் சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ப்ரீஆம்ப் பெட்டி இன்னொன்று வாங்கி ஒளிக் கேபிளில் கொண்டுவர வேண்டும். சின்னதிலும் இதே கதைதான்: ஸ்கார்லெட் 4ஐ4இல் மைக்குக்கு இரண்டு, பெரிஞ்சர் யுஎம்சி404எச்டியில் நாலு. இரண்டு பெயரிலும் '4' இருக்கிறது.

எட்டு மைக் என்று முடிவானதும் என் கையில் மிஞ்சினவை நாலு பெட்டி: பெரிஞ்சர் யுஎம்சி1820, டாஸ்காம் யுஎஸ்-16எக்ஸ்08, ஸ்கார்லெட் 18ஐ20, அப்புறம் ஜூம் எல்-12.

யுஎம்சி1820தான் இவற்றில் காசு குறைவு, ஸ்கார்லெட்டில் பாதி அளவுக்குள் முடியும். எட்டு மைடாஸ் ப்ரீஆம்ப். மைடாஸ் என்றதும் பெரிய கச்சேரி மேடை கன்சோல் ஞாபகம் வரும். 2009இல் அந்தக் கம்பெனியையே பெரிஞ்சர்காரர்கள் வாங்கிவிட்டதால் பெயர் இந்தச் சின்னப் பெட்டிக்கும் வந்தது, அதற்காக உள்ளே கன்சோலே உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது ஒவ்வொரு சேனலுக்கும் இருக்கிற பேட் பட்டன். சட்டிக்கு மைக்கைக் கிட்டே வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அந்தப் பட்டனை அமுக்கினால் அடங்கிவிடும். கண்டென்சர் வகை மைக்குக்குத் தேவைப்படுகிற 48 வோல்ட் பேண்டம் கரன்ட் நாலு நாலு சேனலாகத்தான் ஆன் ஆகும், அதனால் அந்த மைக்குகளை ஒரே நாலுக்குள் அடக்கிக்கொள்வது நல்லது. மீட்டர் என்று பெரிதாக எதுவும் இல்லை, சிக்னல் வருகிறதா, அளவு மிஞ்சிக் கிளிப் ஆகிறதா, அவ்வளவுதான் சொல்லும். ஏடாட் இருப்பதால் பின்னால் காசு வந்தால் ஏடிஏ8200 மாதிரி ஒரு ப்ரீஆம்ப் பெட்டியைச் சேர்த்துப் பதினாறாக்கலாம், 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் வரைக்கும், அதாவது நொடிக்கு 48,000 தடவை சத்தத்தை அளக்கிற வரைக்கும்.

டாஸ்காமைப் பற்றி நம்ம ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு மைக் ஓட்டையும் முன்பக்கமே வரிசையாக இருக்கும், அது போக லைன் இன்புட் தனியாக எட்டு. யுஎம்சியிலும் ஸ்கார்லெட்டிலும் கீபோர்டு வந்து எட்டில் இரண்டைத் தின்றுவிடும். டாஸ்காமில் கீபோர்டை லைனில் தள்ளிவிட்டால் மைக்குக்கு எட்டும் மிச்சம், கோரஸுக்கு இன்னொரு மைக் கொடுக்கலாம். உள்ளேயே மிக்ஸரும், பாஸ் டிரெபிள் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவும், ஏறி இறங்குகிற சத்தத்தைச் சமன் பண்ணுகிற கம்ப்ரஸரும் இருப்பதால் பாடுகிறவருக்குத் தாமதம் இல்லாமல் காதில் கொடுக்க முடியும். குறை என்னவென்றால் ஏடாட் கிடையாது, வாங்கின அளவோடு சரி, அதோடு ஹெட்போன் அவுட் ஒன்றே ஒன்று.

ஸ்கார்லெட் 18ஐ20 வேலைத்தனம் சுத்தமானது. எனக்கு அதில் பெரிய விஷயமாகப் பட்டது சத்தத்தின் தரத்தைவிட கரன்ட்தான்: பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே தடி ஒயர் போதும். யுஎம்சிக்கும் டாஸ்காமுக்கும் வெளி அடாப்டர், அது தொலைந்தாலோ புகைந்தாலோ அன்றைக்கு ரிகார்டிங் இல்லை. 2024இல் வந்த நான்காம் தலைமுறையில் மைக் லெவலைத் தானே வைத்துக்கொள்கிற ஆட்டோ கெயினும், சத்தம் அளவு மிஞ்சினால் தானே குறைக்கிற கிளிப் சேஃபும் இருக்கின்றன. நம்ம ஆட்களை வைத்து ரிகார்டு பண்ணினவர்களுக்கு அதன் அருமை புரியும். சட்டி அடிக்கிற அண்ணன் லெவல் செக் பண்ணும்போது பச்சைக் குழந்தையைத் தட்டுவது மாதிரி தட்டுவார், டேக் போனதும் வெளுத்து வாங்குவார். அந்த நேரத்தில் கெயினைத் தானாகவே குறைத்துக்கொள்கிற பெட்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் அதற்காக இரண்டு மடங்கு காசா என்றால், என் பதில் இல்லை.

ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ப்ரீஆம்பின் இரைச்சல் எத்தனை டெசிபல் குறைவு என்று ராத்திரி முழுக்க வீடியோ பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒருநாள் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, யாரும் மூச்சு விடாமல் உட்கார வைத்து, வெறும் அறையை ஒரு நிமிஷம் ரிகார்டு பண்ணிக் கேட்டேன். ஹார்பர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரியின் உறுமல், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் ஹாரன், கீழ்வீட்டுக் குக்கர், எதிர்வீட்டில் யாரோ குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம் வரைக்கும் இருந்தது. இந்த அறையில் இரண்டு ப்ரீஆம்புக்கு நடுவில் இருக்கிற நூலிழை வித்தியாசம் எந்த மூலையில் கேட்கும்? மிச்சமாகிற காசில் இரண்டு பழைய மெத்தையும் கனமான திரைச்சீலையும் வாங்கி மாட்டினால் காதுக்கு உடனே தெரியும். 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதற்கும் இதே பதில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினாலே நாலு ஜிபிக்கு மேல் ஆகிறது. 192இல் அதைப் போல நாலு மடங்கு. பழைய லேப்டாப்பை ஏன் படுத்த வேண்டும்?

ஜூம் எல்-12 வேறு ஜாதி. பார்க்க மிக்ஸர் மாதிரி இருக்கும், ஆனால் நான் ஏமாந்த வகை இல்லை. எட்டு மைக், அது போக ஸ்டீரியோ சேனல் இரண்டு, எல்லாமே தனித்தனி டிராக்காக எஸ்டி கார்டிலேயே ஏறும், லேப்டாப்பே வேண்டாம். வேண்டுமென்றால் யுஎஸ்பியில் சவுண்ட் கார்டாகவும் வேலை செய்யும், 14 உள்ளே, 4 வெளியே. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை மடக்கினது ஹெட்போன். ஐந்து ஹெட்போன் அவுட், ஐந்துக்கும் தனித்தனி மிக்ஸ். டோலக்காரருக்குப் பாட்டு தூக்கலாக, பாடுகிறவருக்குக் கீபோர்டு தூக்கலாக, அவரவருக்கு வேண்டியபடி. யுஎம்சியிலும் ஸ்கார்லெட்டிலும் இரண்டு ஹெட்போன்தான். எச்ஏ400 மாதிரி நாலு பேருக்குப் பிரிக்கிற குட்டிப் பெட்டியை வாங்கி ஒட்டலாம், மலிவுதான், ஆனால் நாலு பேரும் ஒரே மிக்ஸைத்தான் கேட்க வேண்டும். "எனக்கு என் டோலக்கே கேக்கலபா" என்று ஒருத்தர், "ஐயோ டோலக்கக் கொற" என்று இன்னொருத்தர். இந்தப் பஞ்சாயத்தை வாராவாரம் தீர்த்து வைத்தவனுக்குத்தான் ஐந்து மிக்ஸின் விலை தெரியும்.

எல்-12ஐத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கும் போகலாம். பறையைக் காகிதம் கொளுத்தி அனலில் காய்ச்சினால்தான் தோல் இறுகி ஓசை எடுக்கும், அதை அறைக்குள் செய்ய முடியாது. மேலே காய்ச்சி கீழே கொண்டுவருவதற்குள் கடல் காற்றில் பாதி தளர்ந்துவிடும். காய்ச்சின இடத்திலேயே ரிகார்டு பண்ணினால் அந்தக் கணீர் அப்படியே கிடைக்கும். கரன்ட் கட் பயம் இருந்தால் தம்பி மாடலான எல்-8ஐயும் பாருங்கள். அதில் மைக் ஆறுதான், ஆனால் நாலு பென்சில் பேட்டரியிலும் ஓடும், பவர் பேங்கிலும் ஓடும்.

விலை என்று பார்த்தால் எல்-12 ஏறக்குறைய ஸ்கார்லெட் 18ஐ20 பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்தக் காசு கையில் இருந்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிற செட்டாகவும் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு எல்-12 பக்கம் போவேன். காசு இல்லை, அதனால் யுஎம்சி1820 வாங்கினேன், கூடவே ஹெட்போன் பிரிக்கிற பெட்டி. இரண்டும் சேர்த்தும் மிச்சம் இருந்தது, அது மைக் ஸ்டாண்டுக்குப் போனது. டாஸ்காம் நல்ல விலைக்குக் கிடைத்திருந்தால் யோசித்திருப்பேன். பதினாறு மைக் போடுகிற பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18ஐச் சிலர் சொல்வார்கள், 18 டிராக்கும் யுஎஸ்பியில் தனித்தனியாகப் போகும், டேப்லெட்டில் மிக்ஸ் பண்ணலாம். மேடைக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்கிற செட்டுக்கு அது சரி, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு அதிகம்.

தனியாகப் பாடி, ஒவ்வொரு வாத்தியமாக அப்புறம் ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், யுஎம்சி404எச்டி போதும். ஆனால் இன்றைக்கு ஒன்று, தீபாவளி போனஸுக்கு இன்னொன்று, இரண்டையும் சேர்த்து எட்டு என்று கணக்குப் போடாதீர்கள். விண்டோஸில் ரிகார்டிங்குக்குப் பயன்படுகிற ஆசியோ என்கிற டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் எடுக்கும். மேக்கில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் காட்ட வழி உண்டு, நம்மில் எத்தனை பேரிடம் மேக் இருக்கிறது?

எந்தப் பெட்டி வாங்கினாலும் நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். புதுப் பெட்டியை மாட்டின முதல் நாள் எல்லா டிராக்கிலும் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், பெட்டியையே கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். லேப்டாப்பைப் பையில் வைக்கச் சார்ஜரைப் பிடுங்கினதும் ரீங்காரம் பட்டென்று நின்றது. பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை, சும்மா அழகுக்கு இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இழுக்கிற வரைக்கும் மூன்று வாரம் பேட்டரியில்தான் ஓட்டினோம்.

கடல் காற்று இன்னொன்று. பி-38 பின்களை, அதாவது கீபோர்டு ஒயரின் தடி முனையை, ஜாக்கிலேயே சொருகி மாதக்கணக்கில் விட்டால் மேலே பச்சையாகப் பூத்துவிடும், நாப் திருகினால் கரகர என்று கேட்கும். வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து, பெட்டியை ஒரு துணியால் மூடி வையுங்கள்.

பழசு வாங்குகிறவர்கள் லேப்டாப், ஒரு டைனமிக் மைக், ஒரு கேனன் ஒயர், ஒரு ஹெட்போன் எடுத்துப் போங்கள். ரீப்பர் என்கிற ரிகார்டிங் மென்பொருளை முதலிலேயே போட்டுக்கொண்டால் 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். எட்டு டிராக்கையும் ரிகார்டில் போட்டு, அந்த ஒரே மைக்கை ஓட்டை ஓட்டையாக மாற்றி, ஒவ்வொன்றிலும் "ஒண்ணு", "ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே போங்கள். எட்டாவது ஓட்டையில் சொன்ன "எட்டு" எட்டாவது டிராக்கில் மட்டும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸை எடுங்கள். விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.