பிபிஇ+யு-வா, எச்எஸ்இ06-ஆ? கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கத்துக்கு எது கைகொடுக்கும்

டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளியால் கார்பன் டை ஆக்சைடை ஒடுக்கும் வினையைக் கணினியில் போட உட்கார்ந்தால், முதல் தலைவலி எந்தச் சார்பியத்தை (எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகக் கணிக்கும் வாய்பாடு, functional) எடுப்பது என்பதுதான். பிபிஇ (PBE) என்ற எளிய சார்பியம் மட்டும் வேண்டாம். அனடேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு படிக வடிவின் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கடத்துபட்டைக்கு ஏற்றத் தேவையான ஆற்றல்) சோதனையில் 3.2 எலக்ட்ரான் வோல்ட், பிபிஇ 2.1 பக்கம் காட்டும். மிச்சம் இரண்டு: டைட்டானியத்தின் டி எலக்ட்ரான்களுக்கு யு என்ற திருத்த எண்ணை நாமே சேர்க்கும் பிபிஇ+யு, துல்லியப் பரிமாற்ற ஆற்றலில் ஒரு பங்கைக் கலக்கும் கலப்புச் சார்பியமான எச்எஸ்இ06 (HSE06). என் இறுதிக் கணக்குகளுக்கு எச்எஸ்இ06-ஐத்தான் வைத்துக்கொண்டேன்.

வேகத்தில் பிபிஇ+யு-வுக்குத்தான் வெற்றி, பேச்சே இல்லை. அது ஒரே இரவில் முடிக்கும் ஸ்லாப் (பரப்புக்குப் பதிலாக வைக்கும் மெல்லிய அணுத் தகடு), எச்எஸ்இ06-இல் வாரக்கணக்கில் இழுக்கும். இடைவெளியை மட்டும் பார்த்தால் இரண்டுமே கச்சிதம் இல்லை: யு-வை 4 எலக்ட்ரான் வோல்ட் அளவில் வைத்தாலும் 3.2-ஐ எட்டாது, எச்எஸ்இ06 3.6-ஐ ஒட்டிப் போய்விடும்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். தனியாக நிற்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஓர் எலக்ட்ரான் கொடுக்க ஏறத்தாழ −1.9 வோல்ட் வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடின் கடத்துபட்டை, அதாவது ஒளிபட்ட எலக்ட்ரான் ஏறி நிற்கும் நிலை, நடுநிலை நீரில் −0.5 பக்கம்தான்; அது போதாது. ஆகவே பரப்புதான் அந்த நேர்கோட்டு மூலக்கூறை வளைத்து, எலக்ட்ரானை ஏற்க வைக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜன் காலியிடம் (பரப்பில் ஓர் ஆக்சிஜன் அணு விடுபட்ட குழி) நல்ல இடம். அங்கே மூலக்கூறு தன் ஆக்சிஜன் ஒன்றைக் கொடுத்துக் குழியை அடைக்கிறது. கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. இந்த ஒரு படியைக் கவனியுங்கள். காலியிடம் விட்டுச்சென்ற இரண்டு எலக்ட்ரான்கள் டைட்டானியத்தை 3+ ஆக்கியிருந்தன. குழி அடைபட்டதும் அது 4+. வினையின் இரு பக்கமும் ஆக்சிஜனேற்ற நிலை வேறு என்பதால் யு-வின் பங்கு கழிந்துபோவதில்லை. ஒருவர் யு 3 வைக்கிறார், இன்னொருவர் 4.2. வினை ஆற்றலும் அதோடு நகர்கிறது. அப்புறம் வேறு ஆக்சைடோடு ஒப்பிடப் போனால் அதற்கு வேறு யு. வெவ்வேறு யு-வில் வந்த மொத்த ஆற்றல்களை ஒரே சமன்பாட்டில் கழிக்க முடியாது. வாயு மூலக்கூறுகளுக்குத் தனித் திருத்தம் போடுவது இன்னொரு வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் இந்த எண்ணைப் பராமரித்து, நியாயம் சொல்லியே பாதி நேரம் போய்விடும். எச்எஸ்இ06-இல் 25 சதவீதப் பரிமாற்றக் கலப்பும் ஒரு தேர்வுதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே எண், அதை முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பிபிஇ+யு-வைத் தூக்கிப் போடவில்லை. பலவித அமைவுகளை அதில் தளர்த்தி (அணுக்களைக் குறைந்த ஆற்றல் இடங்களுக்கு நகரவிட்டு), தேறியவற்றை மட்டும், அந்த அலைச்சார்பையே தொடக்கமாகக் கொடுத்து எச்எஸ்இ06-க்கு அனுப்புகிறேன். சரி, ஒரு முன்னெச்சரிக்கை: எலக்ட்ரான் எந்த டைட்டானியத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வோர் அணுவின் காந்தத் திருப்புத்திறனையும் (தனி எலக்ட்ரான் உள்ள அணுவில் அது பூச்சியமாகாது) பார்த்துவிட்டு அனுப்புங்கள். தவறான அணுவில் சிக்கியிருந்தால் எச்எஸ்இ06 அதை நகர்த்தாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

பரப்பில் செம்புக் கொத்து இருந்தால் என் பரிந்துரையை அப்படியே எடுக்க வேண்டாம். உலோகங்களில் கலப்புச் சார்பியங்கள் அவ்வளவு நம்பகமில்லை. நானும் அதில் பெரிதாக ஓட்டியதில்லை. ஒளி விழுந்த கணத்தில் நடப்பதற்கோ இரண்டுமே போதாது, அது கிளர்வு நிலைக் கோட்பாடுகளின் வேலை.